பழி பெண்கள் மேல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படித்த பெண்கள் படித்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் நம் தமிழ்ப் பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரங்கூனில் எங்கள் வட்டாரக் கோயிலில் வரன் பதிவு நோட்டைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்பவள் நான். அதற்கு முன்னால் வீட்டில் டியூஷன் எடுத்தேன். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

படிப்பு ஒத்த இடத்தில் சம்பந்தம் அமைவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. படிப்பை முடித்ததற்கும் கல்யாணத்துக்கும் நடுவில் காலம் குறைவாக இருந்தால், சமமாகப் படித்தவர்களே சேர்வது கூடுகிறது என்று ராபர்ட் மேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1991-இல் எழுதினார். அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. இருபத்திரண்டு வயது வரை வகுப்பில் இருக்கும் பெண் தன்னோடு படிக்கிறவர்களைப் பார்க்கிறாள், அவர்களோடு பேசிப் பழகுகிறாள். பதினாறு வயதில் கல்லாவில் உட்கார்ந்த பையன் அந்தப் பெண்ணை எங்கே பார்ப்பான்? திமிர் என்கிறார்களே, அதற்கு ரொம்ப முன்னாலேயே வழி பிரிந்துவிடுகிறது.

இங்கே இதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அரசை எதிர்த்து 1988-இல் நடந்த கலவரத்தோடு பல்கலைக்கழகங்களை மூடினார்கள். இடையில் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. 1996 டிசம்பரில் மறுபடி மூடியவர்கள் 2000-இல்தான் திறந்தார்கள். பத்தாவது, அதாவது அப்போது இங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளி இறுதி வகுப்பு, பாஸ் பண்ணிய பிள்ளைகள் அத்தனை வருடம் வீட்டிலேயே கிடந்தார்கள். தெரு, கோயில் திருவிழா, மாமன் கடை, இவைதான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்த இடங்கள். நாலாவதோடு நின்ற தையல்காரருக்குப் பத்தாவது பாஸான பெண்ணைக் கொடுத்தபோது எங்கள் தெருவில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் குடும்பம் நன்றாக இருக்கிறது. கல்லூரி திறந்த பிறகு என் நோட்டில் அப்படிப்பட்ட ஜோடி அரிதாகிவிட்டது.

இப்போது நிலைமை என்ன? இந்த நாட்டில் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மருத்துவப் படிப்புக்குப் பையன்களைவிடப் பெண்களிடம் கூடுதல் மார்க் கேட்ட காலத்திலும் பெண்கள் விடவில்லை. நம் வீடுகளிலும் அதே கதைதான். பள்ளி இறுதிப் பரீட்சையில் மகள் ஒரு முறை தவறினால் மறுபடி எழுதுகிறாள், அப்புறம் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தாவது ஒரு பட்டம் வாங்கிவிடுகிறாள். மகன் தவறினால் அடுத்த வாரமே அப்பா, "சரி, கடைக்கு வா" என்கிறார். இரண்டும் ஒரே வீட்டில் நடப்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். இந்திய வம்சாவளியினர் பலரை முழுக் குடிமக்களாக ஏற்காத 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமைக் காகிதம் சரியில்லாத வீடுகளில் "படித்து என்ன ஆகப் போகிறது" என்று பையன்களை நிறுத்தியதும் உண்டு. அந்த வேதனை எனக்குத் தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு வெளிநாடு போன பையன்களும் இருக்கிறார்கள். ஆனால் கடை கையில் இருக்கிறது, காகிதமும் சரியாக இருக்கிறது, பையனை மட்டும் படிக்க விடவில்லை என்ற வீடுகள்தான் என் நோட்டில் அதிகம்.

போன மழைக்காலத்தில் ஒரு தாய் வந்தார். மகள் வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தவள். "டீச்சர், பி.எஸ்ஸி.யை அடித்துவிட்டுப் பத்தாவது என்று போடுங்கள். பட்டம் என்றதும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வர மாட்டேன் என்கிறார்கள்" என்றார். அந்தப் பெண் பக்கத்திலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அடிக்கவில்லை. மின்சாரம் இல்லாத ராத்திரிகளில் மெழுகுவர்த்தி வைத்துப் படித்த பிள்ளை அவள். அதை என் கையால் எப்படி அடிப்பேன்?

பட்டம் வாங்கியவன் எல்லாம் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. குணம் வேறு, படிப்பு வேறு. ஆனாலும் ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பேச ஒரு துணை வேண்டும் என்று ஒரு பெண் நினைப்பதில் என்ன தப்பு? பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் புருஷனுக்கும் பங்கு இருக்கட்டும் என்று நினைக்கக் கூடாதா?

நம் பெண்கள் பர்மியரைக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த ஜோடிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பரீட்சை எழுதியவர்கள். படிப்பு ஒன்றாக இருக்கும் இடத்தில் பாஷையும் மதமும் பெரிதாகத் தெரிவதில்லை. அந்தப் பெஞ்சில் நம் பையன்கள் ஏன் இல்லை என்றுதான் பெரியவர்கள் கேட்க வேண்டும்.

கோயில் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி இறுதிப் பரீட்சையில் தவறிக் கடையில் நிற்கும் பையன்களுக்குக் கோயில் மண்டபத்தில் ராத்திரி டியூஷன் வையுங்கள். அன்னதானப் பணத்தில் ஒரு பங்கு போதும். கணக்கும் இங்கிலீஷும் நான் எடுக்கிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம். கடை முதலாளிகள் ஏழு மணிக்குப் பையன்களை விட வேண்டும், அவ்வளவுதான். மார்ச் பரீட்சைக்கு இப்போதே ஆரம்பித்தால்தான் பாடம் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டியூஷன் ஆசிரியை,
ரங்கூன்.