பெயின்டை உரித்தால் குறைவது நூறு கிராம்கூட இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் வேகமாக இறங்கும், சைக்கிள் ஃபிரேமின் பெயின்டை உரித்து எடையைக் குறைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எழுதிய தம்பிக்கு ஆர்வம் நிறைய இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொன்ன வழிகளில் பல ஆபத்தானவை, எடைக்காக உரிப்பதே வீண்வேலை. மலைச் சைக்கிள் பார்க் இருக்கும் விஸ்லர் போகிற வழியில் ஸ்குவாமிஷில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறவன் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் வீண்வேலையைப் பார்ப்போம். ஒரு ஃபிரேமின் வெளிப்பரப்பு, பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்து, முக்கால் சதுர மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் கோட்டிங்கின் (பொடியாகத் தூவி அடுப்பில் சுட்டு உருக்கும் பெயின்ட்) தடிமன் சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), நடுவில் 80 என்று எடுத்தால் மொத்தம் 60 கன சென்டிமீட்டர் பெயின்ட் வரும். ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 1.5 கிராம், ஆக 90 கிராம். அரை டம்ளர் தண்ணீர்கூடத் தேறாது! இரண்டு மூன்று கோட்டிங் அடித்த ஃபிரேம் என்றால் இருநூறு கிராம் வரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சைக்கிள் 16 கிலோ, ஓட்டுகிறவர் ஹெல்மெட், பேடு எல்லாம் சேர்த்து 80 கிலோ என்றால் அந்த 90 கிராம் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம், இது டவுன்ஹில். விஸ்லரில் சைக்கிளை மலைமேல் ஏற்றுவது லிஃப்ட், நம் கால் இல்லை. இறங்கும்போது இழுப்பது புவியீர்ப்பு, அதற்கு எடை கூடினால் நஷ்டம் ஒன்றும் கிடையாது. 2015 இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஆரன் குவினுக்குப் புறப்பட்ட உடனேயே செயின் அறுந்துபோனது. ஒரு மிதிகூட மிதிக்க முடியாமல் கீழே வரை வந்து அந்தப் போட்டியை அவர் ஜெயித்தார். இன்னொன்று சொன்னால் பலர் நம்புவதில்லை: சில உலகக் கோப்பை அணிகள் ஃபிரேமில், பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் அருகே, வேண்டுமென்றே எடைத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்திருக்கின்றன. நாம் 90 கிராமைக் குறைக்க இரண்டு ராத்திரி உப்புத்தாள் தேய்க்கிறோம், அவர்கள் அதைவிட அதிகமாகச் சேர்க்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. கல்லில் மோதிய சக்கரம் சட்டென்று மேலே போய், சட்டென்று தரைக்குத் திரும்ப வேண்டும். சக்கரம் கனமாக இருந்தால் அது தாமதமாகும், அந்த உதை ஷாக் அப்சார்பரைத் தாண்டி ஃபிரேமுக்கும் கைக்கும் வந்துவிடும். அதனால் பார்க்க வேண்டியது சக்கரத்துப் பக்கத்து எடைக்கும் ஃபிரேம் பக்கத்து எடைக்கும் உள்ள விகிதம்தான். ஃபிரேமின் எடையைக் குறைத்துச் சக்கரத்தை அப்படியே விட்டால், மிகச் சிறிய அளவில் என்றாலும், விகிதம் கெட்ட பக்கமாகத்தான் நகரும். எடை குறைக்க ஆசையா, டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் போடுங்கள். தடித்த டவுன்ஹில் டியூப் ஒவ்வொன்றும் முந்நூறு நானூறு கிராம் இருக்கும், அந்த இடத்தில் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் நூறு மில்லி போதும். அதற்காக டயரிலும் கை வைத்துவிடாதீர்கள், 1.2 கிலோ டவுன்ஹில் டயரைக் கழற்றிவிட்டு மெல்லிய டயரைப் போட்டவர்கள் அந்த வாரமே ரிம் நசுங்கி எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். காயில் ஷாக் வைத்திருப்பவர்கள் ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதில் டைட்டானியம் போட்டால், பெயின்டை உரித்துக் கிடைப்பதைவிட அதிகமாகக் குறையும். விலைதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இனி ஆபத்துகள். சாக்கடை அடைப்புக்கு ஊற்றும் காஸ்டிக் சோடாவில் ஃபிரேமை ஊறவைக்கலாம் என்று கட்டுரையில் இருந்தது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஸ்டீல் ஃபிரேமுக்கு அது சரிப்படும், ஆனால் இன்றைய டவுன்ஹில் ஃபிரேம்கள் அலுமினியம் அல்லது கார்பன். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய கராஜில் ஒரு தீப்பொறி போதும். பெயின்ட் போகும், கூடவே குழாயின் சுவரும் போகும். வெல்டிங் இடுக்குகளில் தங்கிய திரவம் கழுவின பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது "பழைய ஸ்ட்ராங் பெயின்ட் ரிமூவர் கிடைத்தால் விடாதீர்கள்" என்ற யோசனை. அந்தப் பழைய சரக்கு பெரும்பாலும் மெத்திலீன் குளோரைடு. அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும் வேலை செய்தவர்களில் 13 பேர் இதனால் செத்துப்போனதாகப் பதிவாகியிருக்கிறது, எல்லாரும் காற்றோட்டம் போதாத பாத்ரூமுக்குள் வேலை பார்த்தவர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2011 இலும் அமெரிக்கா 2019 இலும் இது கலந்த பெயின்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியது சும்மா இல்லை.

மணலை வேகமாக ஊதி பெயின்டை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் பற்றியும் ஒரு வரி இருந்தது, ஆனால் எதை மறைக்க வேண்டும் என்று இல்லை. கார் ரிம்களுக்குச் செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய ஃபிரேமை ஒரு பையன் எங்களிடம் கொண்டுவந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்விங் ஆர்ம் அசையும் இணைப்புகளில் பிவட் பேரிங் உட்காரும் குழிகளை யாரும் மூடவில்லை, புது பேரிங்கைக் கையாலேயே தள்ளி உள்ளே போட முடிந்தது. இறுகிப் பிடிக்க வேண்டிய அந்த இடத்தில் கணக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஃபிரேம் காலி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "சுமை வராத இடங்களில்" துளை போடலாம், வெல்டிங்கை அரத்தால் ராவலாம் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது நிஜமாகவே கோபம் வந்தது. டவுன்ஹில் ஃபிரேமில் சுமை வராத இடம் எது? இழுவிசையில் இருக்கும் ஒரு தகட்டில் வட்டத் துளை போட்டால் அதன் ஓரத்தில் தகைவு, அதாவது உலோகம் தாங்கும் விசையின் செறிவு, மூன்று மடங்காகும், எஞ்சினியரிங் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அலுமினியத்துக்கு ஸ்டீல் மாதிரி களைப்பு எல்லை (அதற்குக் கீழே எத்தனை உதை விழுந்தாலும் விரிசல் வராத அளவு) என்று ஒன்று கிடையாது, சிறிய உதைகளும் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் விரிசலாகும். அது எப்போது தெரியவரும் என்றால், தாவிக் கீழே இறங்கும் அந்த நொடியில்தான்.

அழகுக்காக உரிக்க நினைத்தால் அது வேறு விஷயம். எனக்கும் பெயின்ட் இல்லாத அலுமினியம் பிடிக்கும், கோமன்சால் மாதிரி சைக்கிள் கம்பெனிகளே பிரஷ் தேய்த்த வெறும் உலோகமாக விற்கிறார்கள். அதில் ஒரு நிஜமான பலனும் உண்டு, விரிசல் விட்டால் சீக்கிரம் கண்ணில் படும். முதலில் ஷாக், பேரிங், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் தொகுதி), பாட்டம் பிராக்கெட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருக்கும், மெத்திலீன் குளோரைடு இல்லாத ஜெல்லைத் திறந்த வெளியில் பூசுங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுத்து மறுபடி பூச வேண்டியிருக்கும். கடைசியில் நைலான் தேய்ப்பான் போதும், கிரைண்டர் பக்கம் போகாதீர்கள். அப்புறம் கிளியர் கோட்டோ மெழுகோ ஏதாவது ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை உப்பு பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். திரும்பப் பவுடர் கோட்டிங் போடுவதானால் சைக்கிள் ஃபிரேம் செய்து பழகிய இடமாகப் பாருங்கள். ஃபிரேம்களில் பயன்படும் 6061 என்ற அலுமினியக் கலவையின் டி6 பலம் (சூடாக்கிப் பதப்படுத்தி ஏற்றிய பலம்) 175 டிகிரி அளவில் மணிக்கணக்காகச் சூடாக்கி வருவது. கோட்டிங் அடுப்பும் ஏறக்குறைய 200 டிகிரி. ஒருமுறை இருபது நிமிடம் என்றால் பெரிய பாதிப்பில்லை, சூட்டைக் கூட்டியோ நாலைந்து முறையோ சுட்டால் பலம் இறங்கும்.

கார்பன் ஃபிரேமுக்கு எந்த ரிமூவரும் வேண்டாம். பெயின்டும், கார்பன் இழைகளை ஒட்டிப் பிடிக்கும் ரெசினும் ரிமூவருக்கு ஒன்றுதான், இரண்டையும் கரைக்கப் பார்க்கும். கையால் உப்புத்தாள் தேய்ப்பது மட்டுமே வழி, அதிலும் இழையைத் தொட்டுவிட்டால் போச்சு. எந்த ஃபிரேமாக இருந்தாலும் உரித்த பிறகு வாரன்டி பெரும்பாலும் கிடையாது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

மே மாதம் விஸ்லர் பார்க் திறக்கிறது, நிறையப் பேர் இப்போது கராஜில் ஃபிரேமைக் கழற்றி வைத்திருப்பார்கள். ஆகவே காஸ்டிக் சோடாவும் துளை போடுவதும் தவறு என்ற திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், கண்ணில் படும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் மெக்கானிக்,
ஸ்குவாமிஷ், பிரிட்டிஷ் கொலம்பியா