கண்ணுக்குள் போடும் ஊசியைப் பாதியில் நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்துப் பார்வை மங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. நல்ல மருந்துதான். ஆனால் இரண்டு மூன்று ஊசியில் எழுத்து தெளிந்ததும், "சரியாகிவிட்டது" என்று வராமல் நின்றுவிடுபவர்கள் ஏராளம். அதனால் பார்வையே போகலாம் என்பதை அவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும்போது, பிராணவாயு போதாத திசு வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது குழாய்களைக் கசிய வைக்கிறது. வலுவில்லாத புதுக் குழாய்களையும் முளைக்க வைக்கிறது. ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குமே தவிர, அடைப்பை நீக்காது. சில வாரங்களில் வீரியம் குறைந்ததும் கசிவு திரும்பும். அதனால்தான் அஃப்லிபெர்செப்ட் 2 மி.கி. மருந்தை முதல் ஐந்து ஊசி மாதாமாதமும், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றுமாகப் போடச் சொல்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமாப், சிலருக்கு இந்த இடைவெளியை நான்கு மாதம் வரை நீட்டுகிறது. விலைதான் எட்டவில்லை.

புதுக் குழாய் முளைத்த முற்றிய நிலையில்தான் பெரிய ஆபத்து. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு நடுவில் நின்றுவிட்டால் குழாய்கள் மறுபடி முளைக்கும். கூடவே வளரும் நார்த்திசு சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். பிறகு கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை அகற்றும் வைட்ரெக்டமி அறுவை சிகிச்சை செய்து, விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க சிலிக்கான் ஆயில் நிரப்பினாலும் பழைய பார்வை பெரும்பாலும் திரும்பாது. இந்தப் புதுக் குழாய்களை அடக்க விழித்திரையில் செய்யும் இன்னொரு சிகிச்சையான லேசர், பக்கப் பார்வையைக் கொஞ்சம் குறைக்கும், இரவில் தடுமாற வைக்கும். ஆனால் அதன் பலன் நிலைத்து நிற்கும். ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போனவர்களில், லேசர் செய்துகொண்டவர்களைவிட ஊசி மட்டும் போட்டவர்களின் கண்ணே அதிகம் கெட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தொலைவிலிருந்து, கூலியை இழந்து வருகிறவருக்கு லேசர் இல்லாமல் ஊசியை மட்டும் நம்பச் சொல்வது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

விலை குறைந்த பெவாசிசுமாப் பற்றியும் சொல்ல வேண்டும். குடல் புற்றுநோய்க்காக வந்த இந்த மருந்தைக் கண் ஊசியாகவும் போடுகிறோம். 2015-இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வில், 6/12 (மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் நிலை) அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தவர்களுக்கு பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகிய மூன்று மருந்துகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. அதைவிட மங்கியிருந்தவர்களுக்கு முதல் ஆண்டில் அஃப்லிபெர்செப்ட் மேலாக இருந்தது. ஆகவே மலிவு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். கவனம் வேண்டியது பிரித்தெடுப்பதில்தான். 100 மி.கி. குப்பியிலிருந்து ஒரு கண்ணுக்கு எடுப்பது 1.25 மி.கி., அதாவது 0.05 மி.லி. கிருமி நீக்கிய சூழலில் பிரிக்காவிட்டால் ஒரே குப்பி பல கண்களைக் கெடுக்கும். 2023 செப்டம்பரில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் பலர் பார்வையிழந்தது இப்படிப் பிரித்து விற்ற மருந்தால்தான். ஊசிச் சீட்டில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

ஊசி போடுமுன் கண்ணில் 5 சதவீத போவிடோன் அயோடின் விட்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். எரியும், ஆனால் கிருமியைத் தடுப்பதில் அதற்கு நிகரில்லை. கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மி.மீ. தள்ளிக் குத்துவார்கள். அப்போது நோயாளி பேசக் கூடாது. வாயிலிருந்து தெறிக்கும் கிருமியே ஊசி முனையில் ஏறலாம். வெள்ளை விழியில் சிவப்புத் திட்டும், ஓரிரு நாள் மிதக்கும் கரும்புள்ளியும் பயப்பட வேண்டியவை அல்ல. இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று பொருள். மருந்துக்கடைச் சொட்டு அதற்குப் போதாது. அன்றே கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்த வேண்டும், இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலரின் பதிவேட்டில் "அடுத்த கண் ஊசி தேதி" என்று ஒரு கட்டம் சேர்த்து, தேதி தவறியவர்களின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக மாவட்டக் கண் பிரிவுக்கு அனுப்பச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
விழித்திரை மருத்துவர் ஒருவர்,
திருச்சி