ஜன்னல் கொட்டேஷன்: முடிவெடுக்கும் முன்

வணக்கம். நம் செங்கோட்டைக் கட்டடத்து ஜன்னல்களுக்கு மூன்று கொட்டேஷன்கள் வந்துவிட்டன. கடைசி வரித் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

குறைவாகச் சொன்னவர் பழைய சட்டத்தைப் பெயர்ப்பதையும் பூச்சு வேலையையும் சேர்க்கவே இல்லை. நம்முடையது சுண்ணாம்புச் சுவர். பெயர்த்தால் ஓரமெல்லாம் உதிரும், அந்தச் செலவு நம் தலையில்தான். அவர் கண்ணாடி 4 எம்எம், மற்றவர்களுடையது 5 எம்எம். யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டத்துக்குள் ஸ்டீல் உண்டா, ஜிஎஸ்டி சேர்த்தா என்று மூவரிடமும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

ஆரியங்காவுக் கணவாய்ச் சாரல் மேற்குப் பக்கத்தில்தான் அடிக்கிறது. அங்கே கீழ்க்கட்டையில் விரலை வைத்தால் உள்ளே போகிறது. கிழக்குப் பக்கத் தேக்கு இன்னும் கல் மாதிரி இருக்கிறது. அதைத் தயவுசெய்து மாற்ற வேண்டாம், கீல் மாற்றினால் போதும்.

ஞாயிறு காலை 10 மணிக்கு நேரில் வந்து பாருங்கள். ஜூன் சாரலுக்குள் வேலை முடிய வேண்டும்.