வெடிமருந்து ஆலைகளில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே? பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும், பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளில் வெடிவிபத்திலும் தீயிலும் இறந்த தொழிலாளர்கள் அனைவரின் பெயர்களையும் தொகுத்து, யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. நல்ல காரியம். அவர்கள் கையிலிருந்த குண்டைச் செய்யும்போது செத்தவர்களுக்கு ஒரு காகிதப் பட்டியலாவது வேண்டாமா?

எங்கள் பக்கத்தில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியைத் தெரியாதவர் இல்லை. 1904-ல் அது தொடங்கியபோது மலை ரயில் குன்னூரோடு நின்றிருந்தது. ஊட்டிவரை தண்டவாளம் போனது 1908-ல்தான். ஆலைக்கு மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து வந்தது. இரண்டு உலகப் போர்களையும், அதற்குப் பிறகு நாடு கண்ட எல்லாப் போர்களையும் பார்த்த ஆலை அது. சுற்றுலா வருகிறவர்கள் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே ரயில் ஜன்னலிலிருந்து கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கார்டைட் என்பது குண்டைக் குழலிலிருந்து வெளியே தள்ளும் மருந்து. நைட்ரோகிளிசரினையும் வெடிக்கும் பருத்தியான கன்காட்டனையும் பெட்ரோலியம் ஜெல்லியோடு அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் மாதிரி இழை இழையாகப் பிழிந்து உலர்த்துவார்கள். சொல்ல எளிது. ஆனால் நைட்ரோகிளிசரினுக்கு ஓர் அதிர்ச்சி போதும், வெடிக்க. அதனால் இப்படிப்பட்ட கட்டடத்துக்குள் போகிறவரிடம் தீப்பெட்டி இருக்கக் கூடாது, பீடி இருக்கக் கூடாது, செருப்பில் இரும்பாணி இருக்கக் கூடாது. கருவிகூடப் பொறி பறக்காத உலோகத்தில்தான். கட்டடத்தைச் சுற்றி உயரமாக மண்மேடு எழுப்பியிருப்பார்கள். அந்த மேடு உள்ளே நிற்பவரைக் காப்பாற்ற அல்ல, பக்கத்துக் கட்டடத்தைக் காப்பாற்ற. உள்ளே நிற்பவருக்கும் அது தெரியும்.

அப்புறம் தலைவலி. நைட்ரோகிளிசரின் உடம்பில் ஏறினால் ரத்தக் குழாய்கள் விரிந்து தலை பிளக்கும். வாரம் முழுக்க வேலை செய்தால் உடம்பு பழகிவிடும். ஞாயிறு லீவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை போனால் மறுபடி முதலிலிருந்து. அந்த அவஸ்தைக்குப் பயந்து, லீவு நாளிலும் பழக்கம் விடாமல் இருக்கத் தொப்பிப் பட்டையில் துளி மருந்தைத் தடவிக்கொண்டவர்கள் மேல்நாட்டு ஆலைகளில் இருந்திருக்கிறார்கள்.

பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம், போர்க்காலத்தில் முதலில் மறைக்கப்படுவது இந்த ஆட்களின் சாவுதான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்போ ஆலையில், 1916 டிசம்பர் 5 இரவு, குண்டுகளுக்குத் திரி பொருத்தும் அறையில் வெடித்து 35 பெண்கள் இறந்தார்கள். பலரைக் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. சில மணி நேரத்தில் அதே அறையில் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. போர் முடிந்து ஆண்டுகள் கழித்து, 1924-ல்தான் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரிந்தது. 1918 ஜூலை 1 அன்று அதே நாட்டின் இன்னொரு குண்டு ஆலையான சில்வெல் வெடித்தபோது 134 பேர் போனார்கள். அதில் அடையாளம் தெரிந்தவர்கள் 32 பேர் மட்டுமே. அந்த ஆலைக்கு, போர் வீரத்துக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் தரலாம் என்ற பேச்சுகூட எழுந்தது. தரவில்லை.

அதே பிரிட்டிஷ் அரசு 1915-ல் போர்த் தளவாடச் சட்டம் ஒன்று போட்டு, இந்த ஆலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. முதலாளியின் விடுவிப்புச் சான்று இல்லாமல் வெளியேறினால் ஆறு வாரம் வேறு எங்கும் வேலை கிடையாது. நம் கதையும் ரொம்பத் தூரத்தில் இல்லை. 2021-ல் நீங்கள் கொண்டுவந்த அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டத்தில், தடையை மீறி வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும் என்று இருந்தது. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் கூடியபோது, ஜபல்பூர் கமாரியா ஆலையில் விடுப்புகளை ரத்து செய்தார்கள், ராணுவத்தில் செய்வதைப் போலவே. சரி, அவசரத்துக்கு அது தேவை என்றே வைத்துக்கொள்வோம். வேலை வாங்கும்போது ராணுவத்துக்குச் சமம், இறந்த பிறகு சாதாரணத் தொழில் விபத்து. இந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே 2025-ல், ஜனவரி 24 அன்று, மகாராஷ்டிரத்தின் பண்டாரா ஆலையில் வெடித்து குறைந்தது 8 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் குடியரசு தினம். அணிவகுப்பில் பீரங்கிகள் போயின. நாக்பூர் அருகே தனியார் வெடிமருந்து ஆலை ஒன்றில் 2023 டிசம்பரில் 9 பேர் இறந்தார்கள், அதில் 6 பேர் பெண்கள். படைக்கு வேண்டிய மருந்தை இனி தனியாரும் பெருமளவில் செய்யப் போகிறார்கள் என்பதால் பட்டியல் அரசு ஆலைகளோடு நிற்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் விட்டுவிடக் கூடாது. நிரந்தர ஊழியருக்குப் பணிப்பதிவேடாவது இருக்கும். ஒப்பந்தக்காரர் அழைத்துவந்தவருக்கு ஒரு கேட் பாஸ்தான்.

இவர்களைத் தியாகிகள் என்று அறிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டால், 'நாட்டுக்காக உயிர் கொடுத்தார்' என்று சொல்லி, பழுதான இயந்திரத்தைப் பற்றியும் ஆள் குறைப்பைப் பற்றியும் பேசாமல் விட்டுவிடலாம். பெயர், வயது, ஊர், பிரிவு, இறந்த நாள், விசாரணை என்ன சொன்னது. இவ்வளவு போதும். மருந்தின் கலவையும் உற்பத்தி அளவும் ரகசியமாகவே இருக்கட்டும். இறந்த மனிதரின் பெயரில் என்ன ரகசியம்?

அவசரமும் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, 41 ஆலைகளை ஏழு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தீர்கள். அருவங்காடும் பண்டாராவும் கமாரியாவும் மியூனிஷன்ஸ் இந்தியா கையில்; ஆவடி டேங்க் ஆலை வேறொரு நிறுவனத்தில்; திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இன்னொன்றில். வாரியத்தின் தலைமையகமோ கொல்கத்தாவில் இருந்தது. பழைய பதிவேடுகள் இந்தப் பிரிவினையில் எந்த அலமாரிக்குப் போயின என்று யாராவது கணக்கு எடுத்தீர்களா? நாளைக்கு ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனால், 1940-களின் விபத்துப் பதிவேட்டைக் காப்பாற்றுவதில் அதற்கு என்ன அக்கறை இருக்கும்? ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் சங்கத்தின் மூத்தவர்களும் இருக்கும்போதே அவர்களைக் கேட்டால், காகிதத்தில் இல்லாத பெயர்களும் கிடைக்கும்.

1802 மார்ச் 18 அன்று கொல்கத்தாவின் காசிப்பூர் ஆலையில் உற்பத்தி தொடங்கியதை நினைத்து ஒவ்வொரு மார்ச் 18-ஐயும் படைக்கலத் தொழிற்சாலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். கண்காட்சி வைப்பார்கள், தொழிலாளர் குடும்பத்தை அழைத்துப் பீரங்கி காட்டுவார்கள். அடுத்த மார்ச் 18-க்குள் முதல் கட்டமாக சுதந்திரத்துக்குப் பிந்தைய பெயர்களையாவது இணையத்தில் ஏற்றுங்கள். அன்றைக்கு அந்தந்த ஆலை வாசலில் அந்தந்த ஆலையின் பட்டியலை ஒட்டுங்கள், ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும். அருவங்காட்டில் தமிழில்.

இப்படிக்கு,
குன்னூர்க்காரன் ஒருவன்