பேத்தியின் முனகலுக்குக் காது கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வரும் ஐப்பசியில் என் பேத்திக்கு ஒரு வயது நிறைகிறது. குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துகிறோம். பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வளைகாப்பு முடித்து மகளை அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. 32 வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. மன்னார்குடி அரசு மருத்துவமனையில் 1,450 கிராம் எடையில் குழந்தை பிறந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல முனகினாள். சிணுங்குகிறாள், இனிப் பயமில்லை என்று என் மனைவி கும்பிட்டாள். பிரசவ அறையில் இருந்த சிஸ்டர் மட்டும் குனிந்து கேட்டுவிட்டு, "இது அழுகை இல்லை ஐயா, மூச்சுக்குப் படும் பாடு" என்றார். உடனே டாக்டரை அழைத்தார். என் முதல் நன்றி அவருக்கு.

அடைமழையில் வடுவூர் ஏரியைத் தாண்டித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த 108 தம்பிகளே, வழியெல்லாம் குழந்தையின் உடற்சூடு குறையாமல் நீங்கள் பார்த்துக்கொண்டதை மறக்க மாட்டேன்.

அன்றிரவு நான் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூக்கில் குழாயுடன் அவளைப் பார்த்ததும் மனம் விட்டுப்போயிற்று. "கஷ்டப்படுத்த வேண்டாம், கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்" என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கை கழுவச் சொல்லி உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார்.

மூக்குக் குழாயோடு சேர்ந்த இன்னொரு குழாய், ஒரு பாட்டில் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்திருந்தது. அதன் முனையில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. நட்ட வயலில் நாங்கள் கட்டும் தண்ணீரும் அந்த அளவுதான்! குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது; அதனால் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். குழந்தை தொண்டையை இறுக்கிக் காற்றை உள்ளே நிறுத்தப் பார்க்கும். அந்தப் போராட்டத்தின் சத்தம்தான் முனகல். அந்த ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் அதே வேலையைச் செய்து, குழந்தையின் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. இவ்வளவையும் நள்ளிரவில், ஒரு விவசாயிக்குப் புரியும்படி அவர் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகும்போது இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த வழவழப்புக் குறைவுதான் காரணம் என்று 1959இல் கண்டு சொன்னவர் மேரி எலன் ஏவரி என்ற அம்மையார். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே மூச்சுத்திணறலில் இரண்டே நாளில் இறந்துபோனான். 1968இல் கேப்டவுன் மருத்துவர்கள், முனகும் குழந்தையின் தொண்டைக்குள் குழாய் செலுத்தி முனக முடியாமல் செய்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது என்று காட்டினார்கள். சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் அவருடைய குழுவினரும், மூச்சு விடும்போதும் அழுத்தம் விலகாமல் காற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1971இல் வெளியிட்ட அவர்களின் அறிக்கையில், மிக மோசமான நிலையில் இருந்த 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். பிழைக்காத அந்த நான்கு குழந்தைகளையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கிரிகரி ஐயா, மன்னார்குடி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு நன்றியில் உங்களுக்குப் பங்கு உண்டு.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டர்களே, மடை பார்க்கப் போகிறவன் வரப்பில் நின்று தண்ணீரைப் பார்ப்பதுபோல, பாட்டிலில் போட்ட கோட்டை மணிக்கொரு தரம் பார்த்தீர்கள். குறைந்தால் ஊற்றினீர்கள். ஆக்ஸிஜன் அளவுக்கு மீறினால் கண்ணைக் கெடுக்கும் என்று அதையும் கூட்டிக் குறைத்தபடி இருந்தீர்கள். ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். என் மகள் அவளை மார்போடு அணைத்து வைத்திருந்தாள். முனகல் இல்லை. 34ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

நான் தஞ்சாவூரில் கிடந்தபோது என் சம்பா வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை வாய்க்கால் வெட்டி வடித்துவிட்ட பங்காளிகளுக்கும் நன்றி.

முதலில் குனிந்து கேட்ட சிஸ்டரிடம் ஒரு வேண்டுகோள். காது குத்துக்கு அவசியம் வாருங்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைப்பதற்கு முன், கொஞ்ச நேரம் அவள் உங்கள் மடியில் இருக்க வேண்டும்.

நன்றியுடன்,
ஒரு தாத்தா,
மன்னார்குடி வட்டம்