யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய முடிவு எதையும் எடுக்கும் முன் அரசு கருத்துக்கணிப்பு நடத்தி, மக்கள் சொல்வதை அப்படியே செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுகள் இதுவரை நம்மிடம் கருத்துக் கேட்ட லட்சணத்தைப் பார்த்தால் எனக்கு அந்த யோசனையில் நம்பிக்கை வரவில்லை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதை முன்கூட்டியே ஊரைக் கேட்டுச் செய்திருக்க முடியாது, சரி. இரண்டு வாரம் கழித்து, ஏடிஎம் வாசலில் ஜனம் வரிசையில் நின்றபோது, பிரதமரின் செயலியில் பத்துக் கேள்விகளைப் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். இந்த நடவடிக்கையால் வீடு மனை, உயர்கல்வி, மருத்துவம் எல்லாம் சாமானியருக்கு எட்டுமா என்பது ஒரு கேள்வி. அதற்குக் கொடுத்திருந்த விடைகள்: முழுமையாக ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன், சொல்லத் தெரியவில்லை. ஏற்கவில்லை என்று சொல்ல இடமே இல்லை! மறுநாளே ஐந்து லட்சம் பேர் பதில் சொன்னதாகவும் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்றும் அறிவிப்பு வந்துவிட்டது. வரிசையில் நின்ற சித்தாளின் கையில் அந்தச் செயலி இருந்திருக்குமா?

‘ஒரே நாடு, ஒரே தேர்தல்’ விஷயத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடத்துவது பற்றி ஆராய அமைத்த, முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு 2024 ஜனவரி 5ஆம் தேதி பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 15ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். (அன்று நம் ஊரில் பொங்கல்.) வந்தவை 21,558 பதில்கள். அதில் 80 சதவீதம் ஆதரவு என்று குழுவின் அறிக்கை சொல்கிறது. ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள் உள்ள நாட்டில், தாமாக முன்வந்து எழுதிய இருபத்தோராயிரம் பேரின் பதிலைச் சதவீதமாக்கினால் படிப்பவர்களுக்கு அது நாட்டின் குரல் போலத்தான் தோன்றும்.

நேர்மையாக நடத்தினால் சரியாகிவிடும் என்பீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்ற சாதாரணக் கேள்விக்கே “அவர் வந்துடட்டும் சார், அப்புறம் வாங்க” என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்ன பெண்கள் நிறைய. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, அதற்கு முன் வீடு வீடாகக் கருத்துக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பவர்கள் யார்? அப்பாவும் அண்ணனும்தான்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் குருவாயூர் கோயிலைத் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறக்கக் கோரி 1932இல் காங்கிரஸ்காரரான கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தி கேட்டுக்கொண்டதால் நிறுத்தினார். பிறகு கோயில் இருந்த பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் 77 சதவீதம் பேர் திறக்கலாம் என்றார்கள். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே கோயிலுக்குள் போகும் உரிமை உள்ளவர்களை மட்டுமே கேட்டார்கள். வெளியே நிறுத்தப்பட்டவனிடம், உள்ளே வர விரும்புகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தது, இத்தனை தெளிவான பெரும்பான்மை வந்தும் கோயில் திறக்கவில்லை. 1947இல்தான் திறந்தது. ஒருவேளை முடிவு நேர்மாறாக வந்திருந்தால்? பக்தர்களில் 77 சதவீதம் பேர் வேண்டாம் என்றிருந்தால் கதவை மூடியே வைப்பது நியாயமாகிவிடுமா? ஒருவரின் உரிமையை இன்னொருவரின் விருப்பத்துக்கு விடும் எந்தக் கணிப்பையும் என்னால் ஏற்க முடியாது.

ரேஷன் கடையில் பருப்பு ஒழுங்காகக் கிடைக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு வந்தால் தோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மதியத்துக்கு மேல் டாக்டர் இருக்கிறாரா, இதையெல்லாம் தாராளமாகக் கேட்கட்டும். அனுபவிப்பவர்களுக்குத்தான் அது தெரியும். ஆனால் அப்படி முறையாக எடுத்த கணக்கு வந்தாலும் அரசுக்குப் பிடிக்க வேண்டுமே! தேசிய மாதிரி ஆய்வு ஊழியர்கள் நாடு முழுக்க வீடுகளுக்குப் போய் எடுத்த 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை (குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்ற கணக்கை), தரவு தரமில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் மத்திய அரசு வெளியிடாமலே விட்டது. செயலியில் ஒரே நாளில் வந்த பதிலுக்கு அந்தச் சந்தேகம் எழவில்லை.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. ‘இத்தனை சதவீதம் மக்கள் ஆதரவு’ என்று செய்தி போடும்போது, கேட்ட கேள்வியையும் கொடுத்த விடைகளையும் அப்படியே அச்சிடுங்கள். யார் காசில், எந்தெந்த ஊரில், எத்தனை பேரிடம் கேட்டார்கள், பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நடத்தியவர்கள் அந்த விவரத்தைத் தரவில்லை என்றால், தரவில்லை என்றாவது எழுதுங்கள்.

தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மன்னார்குடி