கருவி எதை மாற்றாது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

மொரிஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பைதான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுபோன பிறகும் எங்களிடம் அதில் எழுதிய பழைய நிரல் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, அதை ஒருவழியாக '2டு3' கருவியை வைத்து பைதான் 3-க்கு மாற்றினோம். திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் வரிகளையெல்லாம் அது ஒழுங்காக மாற்றிவிட்டது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் வகுத்தலை அது தொடவே இல்லை. பழையதில் 7/2 என்றால் மீதியை விட்டு 3, புதியதில் 3.5. பெட்டிக் கணக்கு தப்பாக வந்து, இரண்டு நாள் தேடினோம்.

அந்த வகுத்தல் வரிக்கு மேல், நிரலைப் படிப்பவருக்காக எழுதியிருந்த குறிப்பு 'இரண்டால் வகுக்கவும்', அவ்வளவுதான். அது வரியைப் பார்த்தாலே தெரியுமே! மீதியை ஏன் விடுகிறோம் என்று எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம். இந்தக் கருவி குறிப்புகளை அப்படியே புதிய கோப்புக்குக் கொண்டுபோகும், காலாவதியான தப்புக் குறிப்பையும் சேர்த்துத்தான்.

கருவி செய்பவர்கள், அது எதை மாற்றாது என்பதை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். அப்புறம், இங்கே கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினாலும் பிரெஞ்சில் எழுதினாலும், காரணத்தை எழுதும் பழக்கத்தை முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரிஷியஸ்